ஹியூஸ்டனை விட்டு வடக்கே போவதென்றால் எந்த ஊருக்கு?

ஹியூஸ்டன் பக்கம் வீடு வைத்திருக்கும் நண்பர்கள் பலர் இப்போது கேட்பது ஒரே கேள்வி: வடக்கே போய்விடலாமா? கேட்பதில் நியாயம் இருக்கிறது. 2017 ஆகஸ்டில் ஹார்வி வெள்ளம். 2021 பிப்ரவரியில் கரண்டும் தண்ணீரும் இல்லாமல் நடுங்கிக் கிடந்த வாரம். 2024 ஜூலையில் பெரில் புயல் அடித்து 20 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளுக்கு மின்சாரம் போனது. நடுவே வருஷா வருஷம் ஏறுகிற வீட்டுக் காப்பீடு. வேலையை வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்று ஆனவர்களுக்கு, ஏரிக்கரையில் அமைதியான ஒரு சின்ன ஊர் என்ற எண்ணம் வராமல் இருக்குமா?

நாங்களும் அப்படிக் கிளம்பி வந்தவர்கள்தான். இப்போது மிச்சிகன் மாநிலத்தின் மேல் தீபகற்பத்தில், ஹோட்டனுக்கு எதிர்க்கரையில் இருக்கும் ஹான்காக்கில் குடியிருக்கிறோம். முடிவெடுப்பதற்கு முன் நான்கு இடங்களை எடைபோட்டோம். ஒன்று இது. இரண்டாவது, வெர்மான்ட் மாநிலத்தின் வடகிழக்கு மூலையில் செயின்ட் ஜான்ஸ்பரி. மூன்றாவது, மினசோட்டாவின் வடக்கே பெமிஜி. நான்காவது, மெயின் மாநிலத்தின் உச்சியில் ஆரூஸ்டுக் மாவட்டம். அங்கே காரிபூவும் ப்ரெஸ்க் ஐலும்.

எல்லோரும் குளிரை வைத்துத்தான் ஒப்பிடுகிறார்கள். குளிர் நாலு ஊரிலும் இருக்கிறது. நல்ல ஜாக்கெட்டுக்கும் பூட்ஸுக்கும் காசு செலவழித்தால் அதைச் சமாளித்துவிடலாம். உங்கள் வாழ்க்கையை மாற்றப்போவது வேறு மூன்று விஷயங்கள். வீட்டைச் சூடாக்குவது எது? வீட்டு வாசலில் இருக்கும் ரோட்டில் பனியைத் தள்ளுவது யார்? பெரிய ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்? இந்த மூன்றுக்கும் பதில் தெரியாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

குளிர் கணக்கை முதலில் முடித்துவிடுகிறேன். நான்கில் கடுமையானது பெமிஜி. ஜனவரி இரவுகளின் சராசரியே மைனஸ் 20 செல்சியஸை ஒட்டி இருக்கும். சில இரவுகளில் மைனஸ் 30-க்கும் கீழே போகும். அதே மாநிலத்தில் டவர் என்ற ஊருக்குப் பக்கத்தில் 1996 பிப்ரவரி 2 அன்று மைனஸ் 60 ஃபாரன்ஹீட், அதாவது மைனஸ் 51 செல்சியஸ், பதிவாகியிருக்கிறது. அடுத்தது ஆரூஸ்டுக். ஹோட்டனும் செயின்ட் ஜான்ஸ்பரியும் இவற்றைவிட மிதம்.

ஹோட்டனின் மிதத்துக்குக் காரணம் சுப்பீரியர் ஏரி. அந்த ஏரியே பனியாகக் கணக்கைத் தீர்த்துக்கொள்கிறது. வடமேற்கிலிருந்து வரும் வறண்ட குளிர்காற்று, உறையாத ஏரித் தண்ணீரின் மேல் வரும்போது ஈரத்தை வாங்கிக்கொள்கிறது. ஹோட்டன் இருக்கும் கீவினாவ் மேட்டில் ஏறியதும் அதையெல்லாம் இங்கே கொட்டிவிடுகிறது. காரிபூவில் ஒரு குளிர்காலத்துக்கு 110 அங்குலம் போல விழும்; பெமிஜியில் அதில் பாதிகூடத் தேறாது. கீவினாவில் 200 அங்குலம் சாதாரணம். 1978-79-ல் 390.4 அங்குலம் விழுந்தது; அதைக் காட்டும் ஓர் உயரமான பலகை நெடுஞ்சாலை ஓரத்தில் நிற்கிறது, அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். ஆகவே இதைக் குணத்தைப் பொறுத்துத் தேர்ந்துகொள்ளுங்கள். சுள்ளென்று குளிர்ந்தாலும் நீல வானம் வேண்டும் என்பவர்களுக்குப் பெமிஜி. வானம் மூடியே இருந்தாலும் பரவாயில்லை, மூக்கு உறையக்கூடாது என்பவர்களுக்குக் கீவினாவ்.

வெளிச்சத்தைப் பற்றி வீடு விற்பவர்கள் வாயே திறப்பதில்லை. ஹோட்டனும் காரிபூவும் கிட்டத்தட்ட ஒரே அட்சரேகை, ஒரே கடிகார நேரம். ஆனால் அந்த நேர மண்டலத்தின் மேற்கு முனை ஹோட்டன், கிழக்கு முனை காரிபூ. டிசம்பரில் ஹோட்டனில் சூரியன் எட்டரைக்கு மேல்தான் எட்டிப்பார்க்கும். அஸ்தமனம் ஐந்து மணிக்கு. காரிபூவில் ஏழே காலுக்கே விடிந்துவிடும், ஆனால் மாலை 3.45-க்கு இருட்டு. பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் கொஞ்சமாவது வெளியே விளையாட வேண்டும் என்று நினைத்ததால் எங்களுக்கு ஹோட்டன் மேல் என்று பட்டது. காலையில் இருட்டாக இருந்தால் எழுந்திருக்கவே முடியாது என்பவர்களுக்கு இது நேர்மாறாகப் படும். எப்படியிருந்தாலும் நம்மைப் போன்ற கறுத்த தோலுக்கு இந்த வெயிலில் வைட்டமின் டி போதாது. அக்டோபரிலேயே ரத்தப் பரிசோதனை செய்து மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். காலையில் அரை மணி நேரம் 10,000 லக்ஸ் வெளிச்சம் தரும் விளக்கின் முன் உட்காருவதும் பலருக்கு உதவுகிறது.

இனி ரோடு. இங்கே பனி வாருவதற்கு மண்வெட்டி போன்ற ஒன்றை யாரும் பெரிதாக நம்புவதில்லை. ஸ்கூப் என்று ஒன்று உண்டு: ஒரு குழந்தையை உட்கார வைக்கிற அளவுக்கு அகலமான தட்டு, அதன் பின்னால் வளைந்த கைப்பிடி. முழங்காலால் ஓர் அழுத்து அழுத்திப் பனிக்குள் செருகி, கைப்பிடியைக் கீழே சாய்த்தால் தட்டு வழுக்கிக்கொண்டு வரும். தூக்கவே வேண்டாம், இழுத்துப் போய்க் கவிழ்த்துவிடலாம். முதுகு பிழைத்துக்கொள்கிறது. வாசலைச் சுத்தமாக வாரி முடித்திருப்போம். அப்புறம் ஊராட்சி வண்டி ரோட்டைத் தள்ளிக்கொண்டு வந்து, வாசல் முனையில் இடுப்பளவுக்குக் கட்டி கட்டியாகப் பனிச்சுவரை வைத்துவிட்டுப் போகும். அதை வாருவதுதான் உண்மையான வேலை. வண்டி வந்து போனபின் வெளியே இறங்குவது என்று அக்கம்பக்கத்தில் எல்லோரும் பழகியிருக்கிறார்கள்.

இது ஊருக்குள் இருப்பவர்கள் கதை. காட்டுக்குள் வீடு வாங்கினால் கதையே வேறு. வெர்மான்டில் நான்காம் வகுப்புச் சாலை என்று வகைப்படுத்தியவற்றைக் குளிர்காலத்தில் பராமரிக்கும் கடமை ஊர் நிர்வாகத்துக்குக் கிடையாது. மிச்சிகனில் பருவச் சாலை என்று பலகை வைத்திருப்பார்கள். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை அந்தப் பக்கம் வண்டி வராது. மினசோட்டாவிலும் குறைந்தபட்சப் பராமரிப்புச் சாலைகள் உண்டு. ஆகஸ்டில் போய்ப் பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரி அழகான மண் ரோடுதான். டல்லாஸில் இருக்கும் ஒரு நண்பர், "அண்ணா, காரிபூ பக்கம் 80 ஏக்கர் வருது, நம்ம பக்கம் ஒரு மனை விலைதான், வாங்கிடவா?" என்று கேட்டார். "வாங்கலாம் தம்பி, ஜனவரியில அந்த ரோட்டைத் தள்றது யாருன்னு முதல்ல கேளுங்க" என்றேன். விசாரித்ததில், பக்கத்து நிலத்துக்காரர் தன் டிராக்டரில் தள்ளிக்கொள்ளும் தனியார் வழி அது என்று தெரிந்தது. அவருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது.

வெர்மான்டில் இன்னொரு பருவமும் உண்டு. அந்த மாநிலச் சாலைகளில் பாதிக்கும் மேல் மண் சாலை. மார்ச் கடைசியிலும் ஏப்ரலிலும் மேல்மண் உருகி, அடியில் உறைந்தே கிடப்பதால் தண்ணீர் இறங்க வழியில்லாமல் ரோடு களியாகிவிடும். சேற்றுப் பருவம் என்றே பெயர். பள்ளிப் பேருந்து சில சாலைகளுக்கு வராமல் போகும் நாட்களும் உண்டு.

சூடேற்றுவதைப் பற்றித்தான் அதிகம் யோசிக்க வேண்டும், ஏனென்றால் மாதச் செலவு அங்கேதான் போகிறது. ஹோட்டன், ஹான்காக், பெமிஜி ஊர் எல்லைக்குள் குழாய் வழி இயற்கை எரிவாயு இருக்கிறது. இது பெரிய வசதி. டாங்கில் எவ்வளவு மிச்சம் என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. வெர்மான்டில் எரிவாயுக் குழாய் மாநிலத்தின் வடமேற்குப் பகுதியோடு நின்றுவிடுகிறது. செயின்ட் ஜான்ஸ்பரி பக்கம் எண்ணெய், புரோப்பேன், விறகு. மெயினில் ஏராளமான வீடுகள் எண்ணெயில்தான் சூடாகின்றன, அந்த விகிதம் நாட்டிலேயே அங்கேதான் அதிகம். நிலவறையில் 275 கேலன் டாங்க் நிற்கும். பழைய வீடு ஒன்று குளிர்காலத்தில் 800 கேலன் குடிப்பது அதிசயமில்லை. கேலன் மூன்றரை டாலர் என்றால் 2,800 டாலர். 2022-ல் மெயினில் கேலன் 5 டாலரைத் தாண்டியபோது அதே வீட்டுக்கு 4,000-க்கு மேல்.

விறகு மலிவு என்பார்கள். நான்கடி அகலம், நான்கடி உயரம், எட்டடி நீளமுள்ள ஓர் அடுக்கை ஒரு கார்டு என்று கணக்கிடுகிறார்கள். நன்கு காய்ந்த கடின மரம் ஒரு கார்டு, கிட்டத்தட்ட 150 கேலன் எண்ணெயின் வெப்பத்தைத் தன்னுள் வைத்திருக்கிறது. அடுப்பு நல்லதாக இருந்தால் அதில் பெரும்பகுதி வீட்டுக்கு வரும். ஆனால் அந்த விறகை முந்தைய வருஷமே பிளந்து, அடுக்கி, காயவைத்திருக்க வேண்டும். ஈர விறகை எரித்தால் புகைபோக்கியில் தார் படிந்து தீப்பிடிக்கும். அடுப்பைப் பார்வையிடாமல் காப்பீடு தராத நிறுவனங்களும் உண்டு.

வெளிக்காற்றிலிருந்து வெப்பத்தை உள்ளே இழுக்கும் மின்கருவியான ஹீட் பம்ப் குளிரில் வேலை செய்யாது என்று டெக்சஸில் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். குளிர்ப் பிரதேசத்துக்கென்றே செய்யப்பட்டவை வந்துவிட்டன. ஒரு லட்சம் ஹீட் பம்ப் பொருத்துவது என்று 2025-ஐ இலக்காக வைத்த மெயின், 2023-லேயே அதைத் தொட்டுவிட்டது. ஆனால் பெமிஜியின் மைனஸ் 30 இரவுக்கு அதை மட்டும் நம்பக்கூடாது. மின்சாரம் போனால் எண்ணெய் அடுப்பும் ஹீட் பம்பும் சேர்ந்தே நிற்கும் என்பதால், கரண்ட் இல்லாமல் எரியும் ஏதாவது ஒன்று வீட்டில் இருந்தாக வேண்டும். ஹியூஸ்டனில் 2021-ஐப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆஸ்பத்திரி விஷயத்தில் செயின்ட் ஜான்ஸ்பரி மற்ற மூன்றையும் தாண்டி நிற்கிறது. ஊரிலேயே சிறிய ஆஸ்பத்திரி. அதோடு நெடுஞ்சாலையில் நேராகத் தெற்கே ஒரு மணி நேரம் ஓட்டினால் நியூ ஹாம்ப்ஷயரின் லெபனானில் டார்ட்மத்தின் பெரிய மருத்துவ மையம். எங்கள் ஊரில் ஆஸ்பத்திரி இருக்கிறது, சாதாரணத் தேவைக்குப் போதும். பெரிய சிகிச்சைக்கு மார்கெட் நகரம், 100 மைல். வெயில் நாளில் இரண்டு மணி நேரம், பனி நாளில் எவ்வளவு என்று சொல்ல முடியாது. பெமிஜியில் ஓரளவு பெரிய ஆஸ்பத்திரியே இருக்கிறது. அதற்கும் மேல் என்றால் ஃபார்கோ, 130 மைல். ப்ரெஸ்க் ஐலிலிருந்து பாங்கோர் 160 மைல்.

தூரம் மட்டும் பார்த்தாலும் போதாது. கிராமப்புற ஆஸ்பத்திரிகள் சுருங்கிக்கொண்டு வருகின்றன. ஆரூஸ்டுக் மாவட்டத்தில் சில ஆண்டுகளுக்குள் பிரசவப் பிரிவுகள் மூடப்பட்டன. மேல் தீபகற்பத்தில் ஒன்டனாகன் ஆஸ்பத்திரி 2024-ல் மூடப்பட்டது. குழந்தைக்குத் திட்டமிடுபவர்களும், இதயம், சிறுநீரகம் என்று தொடர் சிகிச்சையில் இருக்கும் அப்பா அம்மாவைக் கூட்டி வருபவர்களும், இதை வைத்தே ஊரை முடிவு செய்யுங்கள். ஏர் ஆம்புலன்ஸ் கட்டணத்தில் எதிர்பாராத பில் வராமல் காக்கும் சட்டம் 2022 முதல் இருக்கிறது. சாலையில் ஓடும் ஆம்புலன்ஸை அது சேர்க்கவில்லை. 100 மைல் ஓடும் ஊரில் இது சின்ன விஷயம் இல்லை.

வரி விஷயத்தில் டெக்சஸ்காரர்கள் முதலில் அதிர்ந்துதான் போவார்கள். அங்கே மாநில வருமான வரி இல்லை. மிச்சிகனில் எல்லோருக்கும் ஒரே விகிதம், 4.25 சதவீதம். உச்ச விகிதம் மெயினில் 7-க்கு மேல், வெர்மான்டில் 8.75, மினசோட்டாவில் 9.85, உச்சம் என்பது பெரிய வருமானத்துக்கு மட்டுமே. மிச்சிகனில் ஒரு லட்சம் டாலர் சம்பளத்துக்கு 4,000 டாலரை ஒட்டி வரும். டெக்சஸ் சொத்து வரியோடு சேர்த்துப் பார்த்தால், சிறிய வீட்டுக்கு மாறுபவர்களுக்குக் கணக்கு பெரும்பாலும் சமமாகிவிடுகிறது.

மிச்சிகனில் வாங்குபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 1994-ல் வந்த மாற்றத்தின்படி, ஒருவர் வீட்டை வைத்திருக்கும் வரை வரி விதிக்கும் மதிப்பு ஆண்டுக்குப் பணவீக்கம் அல்லது 5 சதவீதம், இரண்டில் குறைந்ததற்கு மேல் ஏறாது. கை மாறினால் அடுத்த ஆண்டு அது சந்தை மதிப்பில் பாதிக்குத் தாவிவிடும். முப்பது வருஷமாக அதே வீட்டில் இருந்த பாட்டி கட்டிய வரி ரசீதைக் காட்டி விற்பார்கள். உங்களுக்கு வரப்போவது அந்தத் தொகை இல்லை. குடியேறியதும் முதன்மைக் குடியிருப்பு விலக்குக்கு விண்ணப்பிக்கவும் மறக்காதீர்கள். பள்ளி இயக்கத்துக்கான வரி அதில் கழியும். வெர்மான்டில் இதுபோன்ற அறிவிப்பை ஒவ்வொரு வருஷமும் தாக்கல் செய்ய வேண்டும்.

இன்டர்நெட்டில் பெமிஜி ஆச்சரியப்படுத்தும். அங்கே கூட்டுறவுச் சங்கம் ஒன்று காட்டுக்குள்ளும் ஃபைபர் இழுத்திருக்கிறது. வெர்மான்டின் அந்த மூலையிலும் ஊர்கள் சேர்ந்து ஃபைபர் போட்டு வருகின்றன. மற்ற இடங்களில் ஒரே தெருவில்கூட வீட்டுக்கு வீடு மாறும். சரியான முகவரியைக் கொடுத்து விசாரியுங்கள். சாட்டிலைட் இருக்கிறதே என்று சொல்வார்கள், ஆனால் சுற்றிலும் உயர்ந்த ஊசியிலை மரங்கள் இருந்தால் அது விட்டு விட்டு வரும்.

நம்மவர்களுக்கு இதைவிட முக்கியமானது விசா. எச்1பி-யில் இருந்தால், வீட்டிலிருந்து வேலை என்றாலும் அந்த வீடுதான் பணியிடம். பழைய பணியிடத்திலிருந்து தினமும் போய்வரும் தூரத்துக்கு அப்பால் குடி பெயர்ந்தால், நிறுவனம் திருத்திய மனுவை முன்கூட்டியே தாக்கல் செய்தாக வேண்டும். கிரீன் கார்டு இருந்தாலும் உங்கள் நிறுவனம் அந்த மாநிலத்தில் சம்பளம் கொடுக்கப் பதிவு செய்திருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சில நிறுவனங்கள் சில மாநிலங்களுக்கு ஒப்புக்கொள்வதில்லை. வீட்டைப் பார்க்கக் கிளம்பும் முன் செய்ய வேண்டிய வேலை இது.

சாப்பாடும் மனிதர்களும். பேர்லண்ட் மீனாட்சி கோவிலுக்கு அரை மணியில் போய்ப் பழகியவர்களுக்கு இந்த வெறுமை உறைக்கும். பெமிஜியிலிருந்து, மினியாபொலிஸ் பக்கம் இருக்கும் மேப்பிள் குரோவ் கோவிலுக்கு 200 மைல். செயின்ட் ஜான்ஸ்பரி இதிலும் கொஞ்சம் பரவாயில்லை: பர்லிங்டன் பக்கம் பூட்டானிலிருந்து வந்த நேபாளிகள் குடியேறியதால் பருப்பும் மசாலாவும் கிடைக்கின்றன, கனடா விசா கையில் இருந்தால் இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் மான்ட்ரியால், ஈழத்தமிழர் கடைகளும் முருகன் கோவிலும். எங்களுக்கு மிச்சிகன் டெக் பல்கலைக்கழகம்தான் துணை. 1885-ல் சுரங்கப் பள்ளியாகத் தொடங்கிய அதில் இந்திய மாணவர்கள் நிறையப் பேர் படிக்கிறார்கள். தீபாவளிக்கு அவர்கள் நடத்தும் நிகழ்ச்சிக்கு ஊரே வருகிறது. நான்கு ஊர்களில் இதைப் போலப் பலதரப்பட்ட முகங்களைப் பிள்ளைகள் பார்க்கக்கூடியது இங்கேதான் என்று எங்களுக்குத் தோன்றியது, முடிவை ஹோட்டன் பக்கம் சாய்த்ததும் அதுதான். மளிகையை மொத்தமாக வாங்கி வைக்கிறோம். இட்லி மாவு வெளியே வைத்தால் இரண்டு நாள் ஆனாலும் பொங்காது. அடுப்பை ஏற்றாமல் ஓவன் விளக்கை மட்டும் போட்டு உள்ளே வைத்தால் காலைக்குள் பொங்கிவிடும்.

பழகுவதற்கு ஃபின்னிஷ் வழி வந்த இந்த ஊர்க்காரர்கள் அதிகம் பேச மாட்டார்கள். ஆனால் நாலாவது பனிப்புயலில் கேட்காமலேயே உங்கள் வாசலைத் தள்ளிவிட்டுப் போவார்கள். வெர்மான்டில் மார்ச் முதல் செவ்வாய்க்கிழமை ஊர்க்கூட்டத்துக்குப் போனால் ஒரே காலையில் பாதி ஊர் அறிமுகமாகிவிடும். பெமிஜியைச் சுற்றி ரெட் லேக், லீச் லேக், வொயிட் எர்த் என்று மூன்று ஓஜிப்வே பூர்வகுடி நிலங்கள் இருக்கின்றன. அந்த ஊரை அவர்கள் வரலாற்றோடு சேர்த்துத்தான் புரிந்துகொள்ள முடியும்.

இயற்கைச் சீற்றத்துக்குப் பயந்து வடக்கே வருபவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வெர்மான்டில் 2023 ஜூலை 10, 11-ல் பெருவெள்ளம். சரியாக ஒரு வருஷம் கழித்து அதே தேதிகளில் மறுபடி. ஹோட்டனில் 2018 ஜூன் 17 அன்று சில மணி நேர மழையில் சாலைகள் பிளந்து போயின. புயல் அபாயம் குறைகிறது என்பது உண்மை. ஆனால் ஆற்றோரத்திலும் மலைச்சரிவின் அடியிலும் வீடு பார்க்காதீர்கள். வெள்ள வரைபடத்தைத் தவறாமல் பாருங்கள்.

என் தீர்ப்பு இது. வயதான பெற்றோர் கூட இருந்தால், அல்லது ஓய்வுபெறும் வயதில் வருவதானால் செயின்ட் ஜான்ஸ்பரி. வீட்டு விலை கூடுதல்தான், கொடுக்கலாம். பள்ளி வயதுப் பிள்ளைகள் இருந்தால் ஹோட்டன், ஹான்காக். இன்டர்நெட்டை நம்பியே பிழைப்பு, வெறுங்குளிர் ஒரு பொருட்டில்லை என்றால் பெமிஜி. ஆரூஸ்டுக்கில் உருளைக்கிழங்கு வயல்களும் விரிந்த வானமும் கண்ணை நிறைக்கும், நிலமும் மலிவு. உடலில் தெம்பும் கையில் தொழிலும் உள்ள, விவசாயத்தில் உண்மையான ஆசை இருக்கிற இளைஞர்களுக்குச் சொல்வேன். மற்றவர்களுக்குச் சொல்ல மாட்டேன்.

எந்த ஊரானாலும் முதல் குளிர்காலத்தை ஊர் எல்லைக்குள், வாடகை வீட்டில் கழியுங்கள். ஹியூஸ்டன் வீட்டை அதற்குள் விற்க வேண்டாம், வாடகைக்கு விடுங்கள். பார்க்கப் போவதை அக்டோபரில் இலை சிவக்கும்போது வைத்துக்கொள்ளாதீர்கள். மார்ச் கடைசியில், பனி கறுத்து, ரோடு குழைந்து, ஊர்க்காரர்களே அலுத்துப்போயிருக்கும் வாரத்தில் குடும்பத்தோடு போய்த் தங்குங்கள். வீட்டுக்காரரிடம் போன வருஷத்து எண்ணெய் ரசீதைக் கேளுங்கள். கிணறு இருந்தால் தண்ணீரை ஆர்செனிக்குக்குப் பரிசோதிக்கச் சொல்லுங்கள், மெயினில் இது கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்த வாரத்திலும் பிள்ளைகளுக்கு ஊர் பிடித்திருந்தால் வீடு பார்க்கத் தொடங்கலாம்.